கூலிப்படைன்னு சொன்னீங்களே ஐயா

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நடந்ததைப் பத்தி இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேட்டுட்டீங்க. வீடியோவும் சுத்திட்டு இருக்கு. நாலு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதலேன்னா தூக்கம் வராது போல. நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

"வீட்டுல இருக்கிற பழைய பொருளைக் கொண்டு வாங்க, அதை வச்சு குடும்ப வரலாறு பேசலாம்"னு கூப்பிட்டது அந்தக் கூட்டத்தை நடத்தினவங்கதான். நான் எங்க கொள்ளுத்தாத்தாவோட மெடலைக் கொண்டு போனேன். மேடையில மைக் வச்சிருந்த ஐயா அதைக் கையில வாங்கிக்கூட பார்க்கல. "வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டவன் மெடல், கூலிப்படையை எல்லாம் வரலாறுன்னு கொண்டு வராதீங்க"ன்னு மைக்குல சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். அடுத்து வந்தது ஒரு ஜமீன் வீட்டு வாள். அதுக்குக் கைத்தட்டல். ஏங்க, ஜமீன்தார் மட்டும் யாருக்கு பேஷ்குஷ், அதான் கப்பம், கட்டினார்? அதே வெள்ளைக்காரனுக்குத்தானே?

கையில வாங்கியிருந்தா அந்த விளிம்பைப் பார்த்திருப்பார். முதல் உலகப்போருக்குக் கொடுத்த வெள்ளி மெடல் அது. ஒரு பக்கம் ஜார்ஜ் மன்னர் தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆள், 1914, 1918. அதெல்லாம் எல்லா மெடல்லயும் ஒண்ணுதான். விளிம்பை போன் டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா சின்னச் சின்ன எழுத்து தெரியும். நம்பர், சாப்பர்னு பதவி, பேரு, அப்புறம் '2 க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்'. க்யூ.வி.ஓ.ன்னா குயின் விக்டோரியாஸ் ஓன். மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படைக்கு அப்போ அதுதான் பேரு, பெங்களூர்ல இருந்தது. பாலம் கட்டுறது, ரோடு போடுறது, பள்ளம் தோண்டுறது அவங்க வேலை. எங்க வம்சத்துல அரசாங்கம் எழுதி வச்ச முதல் பேரு அந்த விளிம்புலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி எங்களுக்குப் பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. அந்தப் பேரை இங்க எழுத மனசு வரல, அதையும் நாலு பேர் கேலி பண்ணுவீங்க.

கூலின்னு சொல்றீங்க. சரி, கூலிதான். வட ஆற்காட்டுல ஒரு சேரியில இருந்து 1915-ல ஒருத்தர் பட்டாளத்துல சேர்ந்தா எதுக்காகச் சேர்ந்திருப்பார்? ஆண்டை வயல்ல படியாளா கிடக்கிறதைவிட அது மேல்னு சேர்ந்தார். தம்பியையும் கூட்டிட்டுப் போனார். ரெண்டு பேரும் மெசபடோமியா போனாங்க, இன்னைக்கு இராக். இப்பவும் ஊர்ல எங்க வீட்டுக்கு 'பசுராக்காரர் வீடு'ன்னுதான் பேரு, பசுரான்னா அங்க இருக்கிற பஸ்ரா. அண்ணன் திரும்பி வந்தார், தம்பி வரல.

வந்தவர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஊர்த்தெரு வழியா நடந்திருக்கார். நிறுத்தி வச்சு கழட்டச் சொல்லியிருக்காங்க. கழட்டி, கையில எடுத்துக்கிட்டு, அந்தத் தெரு முடியற வரைக்கும் மெதுவா நடந்தாராம். எங்க ஆயா இதைச் சொல்றப்போ எல்லாம் 'மெதுவா'ங்கிற வார்த்தையை இழுத்துச் சொல்லும். அந்த மனுசனைத்தான் மைக்குல கூலிப்படைன்னு சொன்னீங்க.

அதே மேடையில அரைமணி நேரம் முன்னாடி 1806 வேலூர் புரட்சி பத்தி உணர்ச்சியா பேசினீங்க. நானும் கைதட்டினேன், எங்க ஊர்க் கோட்டை இல்லையா. ஜூலை 10-ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி துப்பாக்கியைத் திருப்பினது யாரு? கம்பெனிகிட்ட சம்பளம் வாங்கின மெட்ராஸ் சிப்பாய்ங்கதான். புதுத் தொப்பியைப் போடச் சொன்னதும், நெத்தியில இடக்கூடாது, காதுல கடுக்கன் கூடாதுன்னதும் கொதிச்சு எழுந்தாங்க. நேதாஜி படையை எடுத்துக்கோங்க, 1942-ல சிங்கப்பூர்ல ஜப்பான்காரன்கிட்ட பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியப் படைக்காரங்க அதுல எத்தனை பேர்? எதிர்த்து நின்ன அன்னைக்கு தியாகி, அதுக்கு முந்தின நாள் வரைக்கும் கூலிப்படையா? ஒரே ஆள்தானே?

"அப்போ ஜாலியன்வாலாபாக்ல சுட்டவனும் சம்பளம் வாங்கின இந்தியச் சிப்பாய்தானே"ன்னு ஒருத்தர் கமென்ட் போட்டிருந்தார். ஆமா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா எங்க கொள்ளுத்தாத்தா பாலம் கட்டினவர், அவரை எதுக்கு அதுல கொண்டு போய் நிறுத்துறீங்க?

இன்னொருத்தர் "ஜாதிப் பெருமை பேச வந்துட்டான்"னு போட்டிருக்கார். இதைப் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. சோழர் படைத்தளபதி வம்சம், பாண்டியர் வம்சம்னு வாரம் ஒரு போஸ்டர் ஒட்டுறாங்களே, அங்க போய் ஆதாரம் கேட்டிருக்கீங்களா? என்கிட்ட ஆதாரம் இருக்கு, விளிம்புல நம்பரோட இருக்கு. அதான் உங்களுக்கு உறுத்துது.

வெள்ளைக்காரனும் எங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடல. 1880-கள்ல மெட்ராஸ் படைக்குத் தலைமையா இருந்த ராபர்ட்ஸ், அப்புறம் இந்தியப் படை முழுசுக்கும் தளபதியானவர், தெற்கத்தி ஆளுங்க போருக்கு லாயக்கில்லன்னு முடிவு கட்டி வடக்குப் பக்கமே ஆள் எடுக்க வச்சார். முதல் போர் முடிஞ்சதும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுகளைக் கலைச்சாங்க, 1933-ல மெட்ராஸ் பயோனியர்ஸ்ங்கிற படையும் போச்சு. அவன் வீரனே இல்லன்னான். நீங்க கூலிப்படைன்றீங்க.

செத்தவங்களுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? பஸ்ராவுல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, கல்லறை இல்லாத நாப்பதாயிரம் பேருக்கு மேல. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சுவத்துல பேரு வெட்டினாங்க. இந்தியச் சிப்பாய்க்குப் பேரு இல்ல, ரெஜிமென்ட்டுக்குக் கீழ இத்தனை பேர்னு ஒரு எண்ணிக்கை. இப்படிப் பேர் விட்டதை எல்லாம் இந்த நினைவுச்சின்னங்களைப் பார்த்துக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷன் 2021-லதான் ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டது. எங்க ஊர்ச் சாவடிச் சுவத்துலயும் ஒரு கல் இருக்கு, இந்தக் கிராமத்துல இருந்து இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிர் விட்டாங்கன்னு. போன பொங்கலுக்கு நானும் சித்தப்பா பையனும் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தோம். அங்கயும் பேரு இல்ல. பஞ்சாப்ல ஊர் ஊரா போனவங்க கணக்கு எழுதின பதிவேடு லாகூர் மியூசியத்துல கிடைச்சு, மூணு லட்சத்துக்கு மேல பேரை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. எங்களுக்கு? கமிஷன் வெப்சைட்ல தம்பிக்காரர் பேரைப் போட்டுத் தேடினா அதே பேர்ல வரிசையா வருது, ஊர் பேர் போட்டிருக்கிறதுல எங்க ஊர் இல்ல. எந்தப் படையில இருந்தார்னுகூட உறுதியா தெரியல. நம்பர் தெரிஞ்சா போதும், கண்டுபிடிச்சிடலாம்.

அவருக்கும் இதே மாதிரி வெள்ளி மெடல் தபால்ல வந்தது. விளிம்புல பேரும் நம்பரும் இருந்திருக்கும். 1961-ல எங்க அத்தைக்கு மஞ்சள் நீராட்டு. கையில காசு இல்ல. தாத்தா அதை உருக்கி கொலுசு பண்ணிப் போட்டுட்டார். அண்ணன் மெடலைத் தொடல, தன்னோட அப்பாவோடதுன்னு விட்டுட்டார். செத்துப்போன சித்தப்பாவுக்குத்தான் பிள்ளைங்க இல்லையே, யார் கேக்கப் போறாங்கன்னு.

கூட்டம் முடிஞ்சு வந்த அன்னைக்கு ராத்திரியே அத்தைக்கு போன் பண்ணேன். அந்தக் கொலுசு இருக்கான்னு கேட்டேன். "அது எங்கடா இருக்கு, பெரியவளை டீச்சர் டிரெய்னிங் சேர்க்கறப்போ வித்துட்டேன்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அதுல அவரு பேரு இருந்துச்சாடா?"ன்னு கேட்டாங்க.