அதை நான்தான் எழுதினேன்

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் கூட்டத்தில் என் காட்டுமாடு கதையைப் பற்றி ஒருவர் பேசியது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"இது ஆண் எழுத்து, இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது" என்றார். கதையில் அழுகை இல்லையாம், அடுப்படி இல்லையாம். எழுந்து, எழுதியது நான்தான் என்றேன். அத்தோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. "அப்படியா? வீட்டுக்காரர் கொஞ்சம் திருத்திக் கொடுத்தாரோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தெரிந்த முகங்களும் சிரித்தன. என் வீட்டுக்காரர் அந்தக் கதையை அச்சில் வந்த பிறகுதான் படித்தார்.

எழுத்தைப் பார்த்து எழுதியவர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்கிறவர்கள் முதலில் பெயரைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் எழுத்தைப் படிக்கிறார்கள். தமிழில் "வந்தேன்" என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் காட்டாது. இந்தியில் வினையே காட்டிக்கொடுத்துவிடும். நம் மொழி கேட்காத கேள்வியை இவர் ஏன் கேட்கிறார்?

குறுந்தொகை 25ஆம் பாட்டை எடுங்கள். காதலனோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்து நின்ற குருகுதான் இருந்தது, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பெண் தவிக்கிறாள். பாடியவர் கபிலர். வீட்டில் எழுதிக் கொடுத்தார்களா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் அறிவியல் கதைகள் வந்தன. அந்த எழுத்தில் மறுக்க முடியாத ஆண்தன்மை இருக்கிறது என்று எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பர்க் 1975இல் அந்தக் கதைகளின் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரை எழுதினார். கொஞ்ச நாளிலேயே அது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்று தெரிந்தது. சில்வர்பர்க் தன் தவறை ஒத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.

கணினியே கண்டுபிடிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். 2002இல் வந்த ஆய்வைச் சொல்கிறார். ஆங்கில நூல்களில் சின்னச் சின்னச் சொற்களை எண்ணி, சுமார் 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பத்தில் இரண்டு பேர் விஷயத்தில் தப்பு. அந்த இரண்டு பேரை என்ன செய்வீர்கள்? ஆண் பெயரில் எழுதிய ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் பெண்தான் என்று நாவலாசிரியர் டிக்கன்ஸ் ஊகித்தாரே என்றும் கேட்பீர்கள். சரி, ஊகித்தார். அது பாராட்டி எழுதிய கடிதம். யார் திருத்தினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

பெண்ணின் அனுபவம் எழுத்தில் வராதா? வரும், வராமல் எங்கே போகும்? என் அனுபவத்தைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தைப் பதினோரு வருடம் அம்மா பார்த்தாள். தினமும் நோட்டில் எழுதுவாள். "காபி பறி 9 ஆள். மதியம் மழை. களத்தில் தார்ப்பாய் போட்டோம். காட்டுமாடு கீழ்வேலியை முறித்தது." அவ்வளவுதான். வேலி முறிந்த ராத்திரி அவள் அழுதது எனக்குத் தெரியும். நோட்டில் அது இல்லை. நான் எழுதக் கற்றது அந்த நோட்டிலிருந்து. அவர் ஆண் எழுத்து என்று சொன்னது என் அம்மாவின் எழுத்தை.

ஒரு மாசி மாதம் மிளகு வாங்க வந்த வியாபாரி அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "கணக்கு யாரும்மா எழுதுறது, உங்க தம்பியா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, அவர் கண்முன்னாலேயே அன்றைய எடையை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். எனக்கு அப்போது பதினாறு வயது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தத் தெம்பு வரவில்லை. கை நடுங்கியது, உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்தவர்களில் இரண்டு பேர் நேற்று உள்பெட்டியில் வருத்தம் சொன்னீர்கள். நன்றி. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம்.