அச்சில் எடுத்த பல் கேப் சிர்கோனியாவுக்கு நிகரா?

“முப்பரிமாண அச்சில் எடுத்த பல் கேப் சிர்கோனியாவைப் போலவே ஆயுளுக்கும் உழைக்கும்” என்ற செய்தி பரவுகிறது. இது தவறு. சிர்கோனியா என்பது பல் கேப் செய்யப் பயன்படும் மிக உறுதியான பீங்கான் வகை.

அச்சில் பெரும்பாலும் வருவது பீங்கான் துகள் கலந்த பிசின் (ரெசின்). பரவலாகப் புழங்கும் வகைகளின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் திறன், 100 முதல் 150 மெகாபாஸ்கலை (அழுத்தத்தின் அலகு) ஒட்டியே இருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்குப் போடும் உறுதியான சிர்கோனியா 1000-ஐத் தொடும். பிசின் விரைவில் தேயும், நிறமும் மாறும்.

நிரந்தரப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற பிசின்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தற்காலிகக் கேப்புக்கான பிசினும் அதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அச்சிட்டதை ஆல்கஹாலில் கழுவி, ஒளியில் முழுமையாக இறுகவைக்காவிட்டால் நல்ல பிசினும் வலுவிழக்கும். இறுகாத ரசாயனம் வாயில் கசியவும் கூடும். எந்தப் பிசின், எதற்கு அனுமதி பெற்றது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள்.