ஏப்பம் விட்டால் திரும்ப வெளியேதானே?

அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிரிக்கிற கார்பன் டை ஆக்சைடை சோடா, கூல்டிரிங்ஸ் கம்பெனிகளுக்கு விற்றாலே பிரிக்கிற செலவு ஈடாகிவிடும் என்று, அந்த வாயுவைக் காற்றில் கலக்காமல் பிடிப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் வருகிற இடம்தான் இடிக்கிறது. களியக்காவிளையில் அப்பா இருபது வருஷம் சோடா கம்பெனி நடத்தினார். பாறசாலை வரைக்கும் எங்கள் சரக்கு போகும். சோடாவில் ஏற்றுகிற இதே வாயு 30 கிலோ சிலிண்டர் ஒன்று வந்தால் நாள்கணக்கில் ஓடும். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 5 லட்சம் யூனிட் மின்சாரம், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு மணி நேரப் புகையில் இருக்கிற வாயுவே பதினாறாயிரம் சிலிண்டர் பக்கம் வரும். குடிக்க ஆள் எங்கே? குடித்தாலும் ஏப்பமாக வெளியேதானே வரும்! தூத்துக்குடியில் ஓர் ஆலை கொதிகலன் புகையைப் பிடித்து சோடா உப்பு (கண்ணாடி செய்ய உதவும் சோடியம் கார்பனேட்) செய்யத் தொடங்கியது, நல்ல வேலைதான். ஆனால் அந்த உப்பு கண்ணாடி உலையில் உருகும்போது வாயு மறுபடி கிளம்பிவிடும். வாயுவைப் பூமிக்குள் அடைத்தால் ஒருநாள் பீறிட்டு வரும் என்று மேலே கருத்து எழுதிய ஒருவர் பயப்படுகிறார். நார்வேயில் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்ததை 1996-லிருந்து வடகடலுக்கு அடியில் மணற்பாறைக்குள் ஏற்றினார்கள், அங்கேயேதான் இருக்கிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலோ பெரும்பாலும் கருங்கல், மணற்பாறை மாதிரி வாயு புகுந்து தங்க அதில் இடமில்லை. இன்னொன்று, புகையிலிருந்து வாயுவை உறிஞ்சிப் பிடிக்கிற அமீன் என்ற ரசாயனக் கரைசலைச் சூடாக்கித்தான் அதை விடுவிக்க முடியும். மின்சாரம் எடுக்க டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவி அதற்கே கணிசமாகப் போகிறது. அந்த மின் இழப்பையும் சோடா விற்றே ஈடுகட்டச் சொல்கிறாரா கட்டுரையாளர்?