தேம்ஸ் உறையாததற்கு வெயில் மட்டும் காரணமில்லை

“1814க்குப் பிறகு லண்டனில் தேம்ஸ் ஆறு உறைந்து அதன்மேல் சந்தை போட்டதே இல்லை. அப்போ கார் ஏது? குளிர்காலம் சூடாவது இயற்கைதான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டு சரி, முடிவுதான் தப்பு.

பழைய லண்டன் பாலத்தின் குறுகிய வளைவுகளும் தடித்த தூண்களும் ஆற்றை அணை மாதிரி மறித்தன. மிதந்து வந்த பனிக்கட்டி தூண்களில் சிக்கிச் சேர்ந்து இறுகும். 1831இல் புதுப் பாலம் திறந்ததும் பழையதை இடித்துவிட்டார்கள். பிறகு கரைகளை எழுப்பி ஆற்றை ஒடுக்கியதில் ஓட்டமும் வேகமானது. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி மைனஸ் 2.1 டிகிரி செல்சியஸ்; 1814க்குப் பிறகு அத்தனை குளிரான ஜனவரி வந்ததில்லை. லண்டனுக்கு மேற்கே விண்ட்சர் பக்கம் ஆறு உறைந்தது, சைக்கிள்கூட ஓட்டினார்கள். லண்டன் நகருக்குள்ளோ தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது!

குளிர்காலம் சூடாவதற்கு ஏரியோ ஆறோதான் சாட்சி வேண்டுமென்றால் ஜப்பானின் சுவா ஏரியைப் பாருங்கள். அங்கே ஷிண்டோ மதப் பூசாரிகள் 1443 முதல் உறைபனியைக் குறித்துவருகிறார்கள். முதல் சில நூற்றாண்டுகள் உறையாத குளிர்காலம் அபூர்வம். இப்போது உறைவதுதான் அபூர்வம். இயற்கையாகவும் காலநிலை மாறும், மறுக்கவில்லை. ஆனால் காற்றில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 420ஐத் தாண்டியது பெரும்பாலும் நாம் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும்தான்.