கம்ப்ரசர் அண்ணன் பேசுகிறேன்

வண்டி மணலில் புதையும் அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்தாயிற்று, போதும். ஞாயிற்றுக்கிழமை மணலில் என்ன நடந்தது என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்கள் வீடியோவின் தலைப்பை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்: "இந்த டயர் பத்தாது, அடுத்த சைஸ்தான்." கீழே கைதட்டல் மழை.

டயரில் ஒரு குறையும் இல்லை ஐயா. புத்தம்புது எம்டி டயர், அதாவது சேற்றுக்கென்றே செய்த டயர், மேலே துருத்தி நிற்கும் பட்டன் ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி. உள்ளே இருந்த காற்றின் அழுத்தம் 38 பிஎஸ்ஐ. குறை அங்கேதான். மணலில் இறங்கும் முன்பே சொன்னேன், "தம்பி, 18க்கு இறக்கிடுங்க, பத்து நிமிஷ வேலை" என்று. "கம்ப்ரசர் அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் முப்பது அடி போயிருக்காது, வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். டயரை மாற்றும் முன்னால் காற்றை மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை என்பதால்தானோ என்னவோ, யாருக்கும் மதிப்பாகத் தெரிவதில்லை.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பக்கவாட்டில் கொஞ்சம்தான் பிதுங்கும். தரையில் படியும் இடம் முன்னும் பின்னுமாக நீள்வதுதான் முக்கியம். அதே எடை அதிக இடத்தில் பரவுகிறது, மணல் தாங்குகிறது. 38ல் அந்த டயர் உருட்டுக்கட்டை. முன்னால் மணலைத் தள்ளி, தானே ஒரு மேடு கட்டி, அதன்மேல் தானே ஏறப் பார்க்கிறது. அப்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் செங்கல் பட்டன் என்ன செய்யும்? தோண்டும். சேற்றை வாரி எறிந்துவிட்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது? மணல்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறவி ஞானம் இல்லை. முதல் வண்டி வாங்கியதும் இருந்த சேமிப்பையெல்லாம் வழித்து எம்டி டயர் போட்டவன் நான். தார் ரோட்டில் வண்டு மாதிரி ரீங்காரம், மழையில் பிரேக் போட்டால் நெஞ்சு படபடப்பு. ஆனாலும் பெருமை. முதல் மணலிலேயே புதைந்தேன். ஒரு மணி நேரம் மண்வெட்டியோடு மல்லுக்கட்டியபோது வழியில் போன வயதான லாரி டிரைவர் ஒருவர் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து, குந்தி உட்கார்ந்து, வால்வு ஊசியை அழுத்தினார். உஸ்ஸ்... "ஐயோ, காத்து போகுதுங்க" என்று கத்தினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் நடந்தார். டயர் தொந்தி வைத்ததும், "மெதுவா எடு, மிதிக்காதே" என்றார். வண்டி வெளியே வந்துவிட்டது. அந்த உஸ்ஸ் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, இப்போது வரிசையாக வருவார்கள், தெரியும்.

"பத்து வருஷமா 35லயே ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல." மகிழ்ச்சி. பத்து வருஷமாக உங்களை இழுத்துவிட்டவர்களைக் கேட்டால் வேறு கணக்கு வரும்.

"இது இப்ப வந்த ஃபேஷன்." 1930 வாக்கிலேயே பாக்னோல்டு என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லிபியப் பாலைவனத்தில் காற்றை இறக்கித்தான் கார் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் வந்த டக் என்ற ஆறு சக்கர நீர்நில வண்டியில், டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். அவர்களையும் கம்ப்ரசர் அண்ணன் என்று கூப்பிடுங்கள்.

"காத்து கம்மியா இருந்தா டயர் கெட்டுடும்." இது நியாயமான கேள்வி. கெடும்தான். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், மடங்கி மடங்கி உள்ளேயே சூடேறும். ஒருமுறை காற்றை நிரப்ப மறந்து தார் ரோட்டில் ஏறிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் சந்தேகப்பட்டு இறங்கி டயரைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. இன்னொரு நாள் வீரமாக 9 வரை இறக்கிவிட்டு வேகமாக ஸ்டியரிங்கை ஒடித்தேன், டயர் ரிம்மை விட்டுக் கழன்றே வந்துவிட்டது. அதனால்தான் மணலுக்கு 18ல் ஆரம்பியுங்கள், போதவில்லையா 15, ரொம்பக் கஷ்டமா 12, அதுவும் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், வெடுக்கென்று திருப்பாமல் என்கிறேன். சரளைக்கு 25 பக்கம் போதும். கனமான வண்டி, எல்டி என்கிற லைட் டிரக் டயர் என்றால் சைடுவால் விறைப்பாக இருக்கும், நம்பர் மாறும். தார் ரோட்டுக்குக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் கம்பெனி அளவு. டயர்மேல் அச்சடித்திருக்கும் அதிகபட்ச அளவு இல்லை, அதையும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

"அப்ப எம்டி வேஸ்டா?" நான் எங்கே சொன்னேன்? வாரம் முழுக்கச் சேற்றில் உழல்கிறவர் போடட்டும். பெரும்பாலான நாள் தார் ரோடு, எப்போதாவது காடு மேடு என்றால் எல்லாத் தரைக்கும் பொதுவான ஏடி டயர் போதும். என் வண்டியில் இருப்பது ஏடிதான், பாதி தேய்ந்தது.

அந்தப் பாதி தேய்ந்த டயர் 16 பிஎஸ்ஐயில்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை இழுத்தது. இழுக்கும் முன்னால் அதன் நாலு டயரிலும் காற்றை இறக்கியதும் நான்தான், அடி மணலைத் தோண்டியதும் நான்தான். வீடியோவில் வண்டி புதைகிறது, ஒரு வெட்டு, வண்டி வெளியே நிற்கிறது, பின்னணியில் இசை. நடுவில் நடந்த முக்கால் மணி நேரத்தைக் காணோம். புகழுக்கு அலைகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதை வெட்டிவிட்டதால், பார்க்கிற சின்னப் பையன்கள் அடுத்த மாதம் பெரிய டயர் வாங்கிக்கொண்டு 38ல் வந்து புதைவார்கள். அப்போதும் மண்வெட்டியோடு நான்தான் நிற்பேன். வெயிலில் உட்கார்ந்து உங்கள் டயருக்குத் திரும்பக் காற்று பிடித்துக் கொடுத்தது அண்ணனின் கம்ப்ரசர்தான். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உன்னிப்பாகப் பார்த்தால், அந்த வெட்டுக்குச் சற்று முன் திரையின் ஓரத்தில் ஒரு கை தெரியும், வால்வில் காற்றை அளக்கும் கேஜை வைத்தபடி. கை என்னுடையது. கேஜும் என்னுடையதுதான். யார் எடுத்துப் போனீர்களோ, தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எப்படியும் பயன்படுத்தப் போவதில்லை.