நாற்காலி வாடகை

(இடம்: ஹூஸ்டன் புறநகர் வீடு ஒன்றின் சமையலறை. மாமனார் கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தணிக்கை செய்ய எதுவும் அகப்படாமல் சோர்ந்திருந்தவர் கையில் இன்று ஒரு ரசீது.)

மாமனார்: மாப்பிள்ளை, குளிருக்கு உங்கள் ஜாக்கெட்டைப் போட்டேன். பையில் இது இருந்தது. ஸீட், 4 மணி நேரம், 48 டாலர். எந்த ஊருக்குப் பஸ்?

மாப்பிள்ளை: (கூடத்தை எட்டிப் பார்த்து) மெதுவாகப் பேசுங்கள் மாமா. பஸ் இல்லை. போக்கர் கிளப்.

மாமனார்: சீட்டாட்டமா?

மாப்பிள்ளை: சின்ன ஆட்டம்தான். ஒன்று-மூன்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கிற பந்தயம், ஒருவர் ஒரு டாலர், இன்னொருவர் மூன்று. அதைவிடச் சின்னது அங்கே கிடையாது.

மாமனார்: ஆடியதைக்கூட விடுங்கள். உட்காருவதற்கு 48 டாலரா? நின்றுகொண்டே ஆடினால் இலவசமா?

மாப்பிள்ளை: மணிக்கு 12 டாலர் மாமா. ஜெயித்தாலும் அதுதான், தோற்றாலும் அதுதான்.

மாமனார்: பாத்ரூம் போனால்?

மாப்பிள்ளை: ஓடும்.

மாமனார்: சாப்பிடப் போனால்?

மாப்பிள்ளை: அப்போதும் ஓடும். ரொம்ப நேரம் ஆளைக் காணவில்லை என்றால் சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வில்லைகளை, எடுத்து வைத்துவிட்டு, காத்திருக்கிற அடுத்தவரை உட்கார வைத்துவிடுவார்கள்.

மாமனார்: ஏன் இந்தச் சுற்றுவழி? நடுவில் குவிகிற பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

மாப்பிள்ளை: கேசினோவில் அப்படித்தான். பத்து சதவீதம், ஐந்தாறு டாலர் வரைக்கும், சீட்டுப் போடுகிற டீலர் எடுத்து மேஜையில் இருக்கிற ஓட்டைக்குள் தள்ளுவார். ரேக் என்பார்கள். இங்கே சட்டம் வேறு. டெக்சாஸில் ஆட்டம் தனியிடத்தில் நடக்க வேண்டும், எல்லோருக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும், அவரவர் ஜெயித்ததைத் தவிர வேறு யாருக்கும் ஆதாயம் இருக்கக் கூடாது. அதனால் கிளப்காரர் ஆட்டப் பணத்தைத் தொடவே மாட்டார். உறுப்பினர் சந்தா, நாற்காலிக் கட்டணம், அத்தோடு சரி.

மாமனார்: ஒரு மேஜைக்கு எத்தனை பேர்?

மாப்பிள்ளை: ஒன்பது.

மாமனார்: மணிக்கு 108 டாலர். அது ஆதாயம் இல்லையா?

மாப்பிள்ளை: அது நாற்காலியில் வந்தது. ஆட்டத்தில் வந்தது இல்லை.

மாமனார்: இதை ஒத்துக்கொண்ட நீதிபதி யார்?

மாப்பிள்ளை: அதில்தான் இழுபறி. டல்லாஸில் ஒரு கிளப்புக்குக் கொடுத்த அனுமதியை 2021-ல் நகர நிர்வாகம் ரத்து செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த அதே நகரத்தின் வாரியம் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. உடனே நகரம் தன் வாரியத்தின் மேலேயே வழக்குப் போட்டது.

மாமனார்: இரண்டு பக்கத்து வக்கீலுக்கும்?

மாப்பிள்ளை: நகரத்தின் பணம்தான்.

மாமனார்: அந்த ஆட்டத்தில் ஸீட் எவ்வளவு என்று விசாரித்தீர்களா? (உட்காருகிறார்.) நம் நாட்டில் இதை எப்போதோ முடித்துவிட்டோம் மாப்பிள்ளை. 1967. சிகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், பிடிப்பதிலும் விடுவதிலும் திறமை வேண்டும், அதனால் ரம்மி திறமை ஆட்டம் என்று சொன்னார்கள். மூணு சீட்டு வேறு, அது அதிர்ஷ்டம்.

மாப்பிள்ளை: அதற்கும் நாற்காலிக்கும் என்ன மாமா?

மாமனார்: அந்த கிளப்பும் கட்டணம் வாங்கியது! பில்லியர்ட்ஸுக்கும் டென்னிஸுக்கும் வாங்குகிற மாதிரி சீட்டுக்கும் வாங்கலாம், அதனால் மட்டும் அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது என்றார்கள். அளவு மீறாமல் இருந்தால். அந்த "அளவு மீறாமல்" முக்கியம். எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் நான்தான் பொருளாளர். தீர்ப்பின் நகலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம்.

மாப்பிள்ளை: நீங்களா மாமா?

மாமனார்: நான் கணக்கு மட்டும்தான் பார்த்தேன். அதை விடுங்கள். எவ்வளவு கொண்டுபோனீர்கள்?

மாப்பிள்ளை: 100. உட்காருவதற்கு அதுதான் குறைந்தபட்சம். மேலே வரம்பு, மேஜையில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அந்தத் தொகை. எதிரே இருந்தவர் 2,000 வைத்திருந்தார்.

மாமனார்: அவர் 2,000-ஐயும் தள்ளினால் உங்கள் கதி?

மாப்பிள்ளை: என் 100 வரைக்கும்தான் எனக்கும் அவருக்கும் கணக்கு. மேஜையில் இருப்பது மட்டும்தான் ஆட்டத்தில் சேரும். பர்ஸில் ஆயிரம் இருந்தாலும் ஆட்டம் நடுவில் எடுத்து வைக்க முடியாது. இந்த ஆட்டம் முடிந்த பிறகு வேண்டுமானால் சேர்க்கலாம்.

மாமனார்: நல்ல விதி. அப்புறம், 100 வந்து 400 ஆனால் 300-ஐ எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை: கூடாது மாமா. எழுந்து போனால்தான் எடுக்கலாம். எடுத்துக்கொண்டு வெளியே போய், டீ குடித்துவிட்டு 100-உடன் உள்ளே வரவும் முடியாது. எவ்வளவோடு போனோமோ அவ்வளவோடு உட்கார வேண்டும்.

மாமனார்: டெபாசிட் வாங்கிக்கொள்வார்கள், வித்ட்ராயல் என்றால் கணக்கையே முடிக்கச் சொல்வார்கள். சரி, வட்டிக்கு வருவோம்.

மாப்பிள்ளை: வட்டியா?

மாமனார்: 100-க்கு 12. மணிக்கு! மீட்டர் வட்டிக்காரன்கூடக் கூச்சப்படுவான். எட்டு மணி இருபது நிமிஷம் உட்கார்ந்தால் அசல் தொகையே நாற்காலிக்குப் போயிருக்கும். 300 கொண்டுபோயிருந்தால் 4 வட்டிதான்.

மாப்பிள்ளை: அந்த 300-ஐயும் தோற்றால்?

மாமனார்: அது அசல். உங்கள் பாடு. நான் வட்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். (பேனா தேடுகிறார். மின்கட்டண உறை ஒன்று அகப்படுகிறது. மகள் கல்யாணக் கணக்கு எழுதிய அன்றும் இந்த முகம் இவ்வளவு மலரவில்லை.) மணிக்கு எத்தனை ஆட்டம்?

மாப்பிள்ளை: முப்பது இருக்கும்.

மாமனார்: நாலு மணிக்கு 120. எத்தனையில் இறங்கினீர்கள்?

மாப்பிள்ளை: 16. நல்ல சீட்டு வந்தால்தான் இறங்குவேன். பொறுமைதான் மாமா இந்த ஆட்டமே.

மாமனார்: பொறுமைக்கு வாடகை கொடுத்திருக்கிறீர்கள். ஜெயித்தது?

மாப்பிள்ளை: நாலு.

மாமனார்: ஒவ்வொன்றுக்கும் 12 டாலர் நாற்காலிச் செலவு. கேசினோவாக இருந்தால், ஜெயித்த நாலில்தான் வெட்டு. ஆறு வைத்தாலும் 24-க்கு மேல் போகாது. சும்மா இருந்த 104 ஆட்டமும் இலவசம்.

மாப்பிள்ளை: எல்லா ஆட்டத்திலும் இறங்குகிறவருக்கு நாற்காலிக் கட்டணம் லாபம் மாமா. என்னை மாதிரி ஆளுக்குத்தான் நஷ்டம்.

மாமனார்: அப்போது ஒன்று குணத்தை மாற்றுங்கள், இல்லை ஊரை மாற்றுங்கள். பக்கத்தில் கேசினோ எங்கே?

மாப்பிள்ளை: லூசியானா எல்லை தாண்டி, லேக் சார்ல்ஸ். காரில் இரண்டரை மணி நேரம்.

மாமனார்: பெட்ரோல்?

மாப்பிள்ளை: போய்வர 40 டாலர் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார்: 24-உம் 40-உம் 64. (உறையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதுகிறார்.) ஒருவர் போனால் நஷ்டம். இரண்டு பேர் போனால் பெட்ரோல் ஆளுக்கு 20. 44-இல் முடிகிறது. நாலு டாலர் மிச்சம்.

மாப்பிள்ளை: இரண்டாவது ஆள் யார் மாமா?

மாமனார்: அங்கே கோயில் ஏதாவது உண்டா? உங்கள் அத்தையிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை: கோயில் தெரியாது. சதுப்பு நிலத்தில் முதலை பார்க்கலாம்.

மாமனார்: முதலையே போதும். முதலை என்றால் அவளே "நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவாள்.