சூடு என்று சொல்லித் தள்ளிப்போட்ட வலி

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளை ஒட்டியே தினமும் பைக்கில் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போய் வருகிறவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கோலிக்குண்டின் மேல் உட்கார்ந்திருப்பதைப் போன்ற ஓர் உறுத்தல் தொடங்கியது. மாலையானால் அது அடிவயிற்றுக்கு ஏறும். வீட்டில் சூடு என்றார்கள். இளநீரிலும் ஊறவைத்த வெந்தயத்திலும் நான்கு மாதங்கள் ஓடின. பிறகு போன கிளினிக்கில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீரை அனுப்பாமலேயே மூன்று முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

கடந்த ஆறு மாதங்களில் குறைந்தது மூன்று மாதங்கள் இடுப்புக்குழியில் வலி இருந்தால் அது நாட்பட்ட வலி. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி புராஸ்டேட். புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படும் தொல்லைகளை நான்கு வகையாகப் பிரித்து 1999-இல் வெளியான அமெரிக்க வகைப்பாட்டில் இது மூன்றாம் வகை. தொல்லையோடு வருபவர்களில் 10-க்கு 9 பேர் இந்த வகைதான். அவர்களிடம் கிருமித் தொற்று தென்படுவதில்லை. கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து என்ன பயன்?

முன்பு வந்த சிறுநீர்த் தொற்று, பால்வினை நோய், மலச்சிக்கல், அடிக்கடி கலங்கும் குடல் ஆகியவை இவ்வலியோடு தொடர்புடையவை. மனஅழுத்தமும் பதற்றமும் அப்படியே. அதற்காக இதைக் கற்பனை வலி என்று ஒதுக்குவது அநியாயம். என் விஷயத்தில் மருத்துவர் அதிகம் விசாரித்தவை நெடுநேரம் உட்காருவதும் சிறுநீரை அடக்குவதும்தான். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள் எந்நேரமும் இறுகியே இருந்தால், தளர்வது எப்படி என்பதையே மறந்துவிடுகின்றன. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், சிறுநீரையும் சேர்த்துச் சொல்கிறது நம் சித்த மருத்துவம். ஆனால் லாரி வரிசையில் ஓட்டுநர் இறங்கிப் போனால் முன்னால் இடைவெளி விழும், பின்னாலிருந்து ஹாரன் அலறும். ஆகவே தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வண்டிகள் காத்திருக்கும் சாலையில் கழிப்பறை வேண்டும் என்பதை நான் சுகாதாரக் கோரிக்கையாக மட்டுமல்ல, வலி தடுப்புக் கோரிக்கையாகவும் வைக்கிறேன்.

இன்னொன்று. இணையத்தில் பார்த்து இடுப்புத் தசையை இறுக்கும் பயிற்சியைத் தாமாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே இறுகிய தசைக்கு அது வலியைக் கூட்டலாம். எனக்குப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது தளர்த்தும் மூச்சுப் பயிற்சி. சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், நீர் பிரியாமை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு ரசீது வாங்க வந்த ஓட்டுநரிடம், “உட்காருங்கண்ணே” என்றேன். “வேணாம் தம்பி, நின்னுக்கிறேன். ஒரே சூடு” என்றார். எத்தனை மாதமாக என்று கேட்டேன்.